சவுக்காரம் பூசிய கால்

கொழும்பில் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும் அன்று என் கட்டிலருகே வந்து நின்றார். ஒரு கையைக் கிண்ணம் போலக் குவித்து, மறு கையை மூடி அதற்குள் வைத்துக் காட்டினார். கிண்ணம் உன் இடுப்பு, குண்டு உன் தொடை எலும்பின் தலை, இரண்டும் இப்போது புதுசு என்றார். அவர் சிங்களத்தில் சொன்னது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கியது. பிறகு குனிந்து காலைத் தொடுகிற மாதிரிப் பாவனை செய்துவிட்டு, மூடிய கையைக் கிண்ணத்திலிருந்து டக்கென்று வெளியே எடுத்துக் காட்டினார். அது முழுதாகவே விளங்கியது.

குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து பாதத்தைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். நான் தலையாட்டிக்கொண்டே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தை, காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீட்டை நினைத்துப் பார்த்தேன். அடுப்பு தரையில். அம்மி தரையில். தண்ணீர் பிடிக்கிற பீலி பள்ளத்தில். கக்கூஸில் குந்தாமல் முடியாது. சாப்பிடுவதும் படுப்பதும் ஊர்வம்பு பேசுவதும் தரையில்தான். நாற்காலியில் உட்கார்ந்து வாழ்கிறவர்களுக்காகச் செய்த இடுப்பை எனக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று அப்போதே தோன்றிவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கலவரம் ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. கொழும்புக்குப் போகும்போது ரயிலில் ஏறுவதற்கு முன்பே பொட்டை அழித்துவிட்டேன். வார்டில் முதல் சில நாள் தமிழில் முனகக்கூட பயமாக இருந்தது. ஆனால் அந்த நர்ஸ் எனக்கு நல்லவளாகவே இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை எழுந்து நிற்க வைத்தபோது நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவளோ "பய வென்ன எப்பா, அக்கே" என்றாள். பயப்படாதே என்று சொல்வது சுலபம். என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் என்னைப் போலவே மூட்டு மாற்றியவள்தான். வீட்டுக்குப் போய், கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்திருக்கிறாள். கழன்றுவிட்டது. அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அவள் போட்ட சத்தத்தை நான் காதால் கேட்டேன். ஒரு சீப்புக்காக.

எனக்கு இடுப்பு போனது அதற்குப் பல வருடம் முந்தி. நிறைந்த கொழுந்துக் கூடையோடு கானுக்குள் சறுக்கி விழுந்தேன். மழைத் தண்ணீர் ஓட மலையில் வெட்டிவிட்ட கான்தான், புதிதாக வெட்டியதால் மண் வழுக்கியது. எலும்பு கோணலாகக் கூடி, பிறகு ரத்தம் ஓடாமல் உள்ளேயே செத்துப் போய்விட்டது என்றார்கள். நொண்டி நொண்டி கொழுந்தெடுத்தேன், பிறகு அதுவும் முடியாமல் போனது. மூட்டு மாற்றினால் நடக்கலாம் என்று சொன்னபோது எனக்கு நாற்பத்தைந்து வயதுகூட இல்லை. சரி என்று சொன்னது நடக்கிற ஆசையில். அதன் பிறகு இவ்வளவு பயம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ரோட்டிலிருந்து லயத்துக்கு என்னை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். சாமி ஊர்வலம் வருகிறது என்று பிள்ளைகள் கூடவே ஓடி வந்தன. நான் சிரிக்கவில்லை. தூக்கியவர்கள் ஒவ்வொரு தடவை கால் மாற்றி வைக்கும்போதும் உள்ளே அந்தக் குண்டு நகர்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தியிருந்தார் என் வீட்டுக்காரர். தேயிலைப் பெட்டி ஒன்றை அறுத்து, மேல் பலகையில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து ஒரு ஆசனமும் செய்திருந்தார். லயமே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்துக் காம்பரா அக்கா மட்டும் அதன் மேல் உட்கார்ந்தே பார்த்துவிட்டு, "துரை பங்களாவுல கூட இப்பிடி இருக்காதுடி" என்றாள்.

மகள் வந்து ஒரு மாதம் இருந்தாள். அவளுக்கும் வேறு தோட்டத்தில் குடும்பம் இருந்ததே, போய்விட்டாள். அதன் பிறகு நானும் அவரும்தான். அவர் கவ்வாத்துக்காரர். விடியும் முன்பே தேயிலைச் செடி வெட்டுகிற கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். பேச்சு குறைந்த மனிதர். கல்யாணமான புதிதில் என் மேல் கோபமோ என்று நினைத்து அழுதிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லோரிடமும் அப்படித்தான்.

பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தும்மல் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலில் புரளும்போது தொடைகளுக்கு நடுவில் தலையணையை விடவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள், படுத்தபடியே குதிகாலை இழுப்பதும் காலைப் பக்கவாட்டில் நகர்த்துவதும், முதல் வாரம் செய்தேன். ஒரு நாள் உள்ளே ஏதோ சொடுக்கியது. அத்தோடு நிறுத்திவிட்டேன். கட்டிலிலிருந்து ஆசனத்துக்கும் ஆசனத்திலிருந்து கட்டிலுக்கும் போவதே என் நடை. தொடை மெலிந்துகொண்டே போனது. பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு நாள் என் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "நடக்காத காலு வெறகுக் கட்டதான் தங்கச்சி. அடுப்புல வைக்கக்கூட ஒதவாது."

ஆனி மாதம், விடியலில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா வந்தார். காம்பராவுக்குள் வராமல் இஸ்தோப்பில் நின்றபடியே பேசினார். எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு முன்னால் நீளமாக ஓடும் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவர் பேசினால் எல்லாக் காம்பராவுக்கும் கேட்கும்.

"புள்ளக் காம்பராவுல இருக்குற ஆயா ஆடியோட வேலைய விட்டு நிக்கப் போறா. ஒனக்குத் தரலாம்னு தொரைகிட்ட சொல்லிருக்கேன். ஆனா ஒண்ணு, ஆடி முடியிறதுக்குள்ள நீயா நடந்து பெரட்டுக்கு வந்து நிக்கணும். தூக்கிட்டு வந்தா நடக்காது. இல்லேன்னா பேர வெட்டிருவாங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது."

கெட்ட மனிதர் இல்லை அவர். பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் தாய்மார் கொழுந்துக்குப் போவார்கள். தொட்டில்கள் எல்லாம் உத்திரத்திலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தொங்கும். குனியாமல் செய்யக்கூடிய ஒரே வேலை தோட்டத்தில் அதுதான். அது கிடைக்காவிட்டால் நான் அந்தக் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு கிழவி அப்படிக் கிடந்து முடிந்தவள். அவள் காம்பரா வாசலைத் தாண்டும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவோம். நானும் போயிருக்கிறேன். கண்டாக்கு ஐயா போன பிறகு எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில் நடந்தேன். என் வீட்டுக்காரர் கொய்யாக் கம்பு ஒன்று வெட்டி, நுனியில் பழைய டயர்த் துண்டை ஆணி அடித்துக் கொடுத்தார். நர்ஸ் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். ஆஸ்பத்திரியில் அதற்காகவே மரத்தில் செய்த இரண்டு படி இருந்தது. எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்களம் வரை மண்ணில் வெட்டிய படிகள், ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். எல்லாம் மழையில் வழுக்கும். சமதரை என்று ஒன்றை அந்த மலையில் எங்கே போய்த் தேடுவது?

படிக்கட்டை விடவும் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அது அட்டை. ஆடி மழையில் அந்தப் பாதையில் காலை வைத்தால் போதும், புல் நுனியில் நின்று ஆடிக்கொண்டிருக்கும் அட்டைகள் ஒட்டிக்கொள்ளும். கொழுந்துக்குப் போகிற பெண்கள் காலையில் முழங்கால் வரை துணி துவைக்கிற சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, காயவிட்டுப் போவார்கள். அட்டை ஏறாது. நானும் இருபது வருடத்துக்கு மேல் தேய்த்தவள். இப்போது என் கால் எனக்கே எட்டவில்லை.

"நான் தடவி விடுறேன்," என்றார் அவர்.

"ஐயோ, வேணாங்க!"

கட்டின புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவதா? தெரியாமல் என் கால் அவர் மேல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவள் நான். கல்யாணத்தன்று அம்மி மேல் என் காலை எடுத்து வைத்து மெட்டி போட்டதோடு சரி, பிறகு அவர் கை என் பாதத்தில் பட்டதே இல்லை. அதுவும் இஸ்தோப்பில், நூறு கண் பார்க்க! மூட்டு கழன்றாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வெளியே போனார். மூங்கில் குச்சி ஒன்றின் நுனியில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டி, அதில் சவுக்காரத்தைத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி அந்தக் குச்சியால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை பூசிக்கொண்டேன். லயத்துப் பெண்கள் வெள்ளையடிக்கிறாள் என்றார்கள். விரல் இடுக்கிலும் குதிகாலுக்குப் பின்னாலும் குச்சி போகவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா இருக்கும் நாளில் அவள் பூசிவிடுவாள். பாதி நாள் அவள் எனக்கு முன்பே மலைக்குப் போயிருப்பாள்.

அப்படி அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறினேன். முதலில் பீலி வரை, பிறகு பாதி வழியில் நிற்கும் முள்முருங்கை மரம் வரை. அதற்கு மேல் போக கால் ஒத்துக்கொள்ளவில்லை. கால் என்று சொல்வது சும்மா. பயம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தடியில் நின்று மேலே பார்ப்பேன், சீப்பு எடுக்கக் குனிந்தவளின் சத்தம் காதில் விழும், திரும்பிவிடுவேன். ஆடி முடிய ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, எப்படியும் பெரட்டுக்களம் வரை போய்ப் பார்த்துவிடுவது என்று தனியாகக் கிளம்பினேன். தூறல் நின்று பனிமூட்டம் இறங்கியிருந்தது.

முள்முருங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். ஈரப் புல் பட்டுப் பட்டுச் சவுக்காரம் பாதி கரைந்திருந்தது. ஆபரேஷன் செய்த காலில் ஏதோ ஊர்ந்தது. பார்த்தேன், விரல் இடுக்கில் ஒன்று, கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் இன்னொன்று ஈரமாக ஏறிக்கொண்டிருந்தது. கை தானாகக் கீழே போய்விட்டது. கொழுந்து கிள்ளிப் பழகிய கை, யோசித்தா போகும்? பாதி குனிந்துவிட்டேன். இடுப்புக்குள் சுரீரென்று ஒரு இழுப்பு.

அப்படியே நின்றுவிட்டேன். நிமிர்ந்தேனா, யாராவது நிமிர்த்தினார்களா என்று தெரியாது. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். இன்னும் வலிக்கவில்லை, கால் அசைந்தால் வலி வரும், அசைக்காமல் இருக்கும் வரைக்கும் கழன்றது எனக்குத் தெரியாது. மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. அட்டைக் காட்டில் ஒரே இடத்தில் நிற்பது எவ்வளவு மடத்தனம் என்று எனக்குத் தெரியும். புல்லிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிக்கொண்டு என் பாதத்தை நோக்கி வந்தன. சேலைக்குள் போனது தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. தையல் போட்ட தழும்பில் வாய் வைத்தால் அதைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடும் என்று நிஜமாகவே நம்பினேன். தொடை நடுங்க ஆரம்பித்தது, அந்த நடுக்கத்தாலேயே குண்டு நழுவிவிடும் போலிருந்தது.

அடுத்த மலையில் கவ்வாத்து நடக்கிற சத்தம் கேட்டது. அவர் அங்கேதான் இருப்பார். கூப்பிட வாயைத் திறந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? அத்தனை பயத்திலும் அது வாயில் வரவில்லை. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன்.

கவ்வாத்துக் கத்திகளின் சத்தம் நின்றது. பிறகு தடதடவென்று ஆட்கள் ஓடி வரும் சத்தம். பனிக்குள்ளிருந்து முதலில் ஒருவன் வந்தான், அவர் இல்லை. அடுத்து இன்னொருவன், அதற்குப் பின்னால் நான்கைந்து பேர். கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பெண்டாட்டி உள்ளவர்கள். ஒவ்வொருவனும் தன் பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று கத்தியோடு ஓடி வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அடுத்தவன் பெண்டாட்டி காலில் யார் கை வைப்பது? வட்டமாக நின்றுகொண்டு, "அசையாத அக்கா, அசையாத" என்று சொன்னார்கள். அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

அவர் கடைசியாக வந்தார். வயதானவர், மூச்சு இரைத்தது. என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டார்.

"வேணாங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுத் தொட்டு உதிர்த்தார். விரல் இடுக்கில், குதிகாலில், குச்சி எட்டாத இடத்திலெல்லாம். நிற்க முடியாமல் நான் ஒரு கையில் கம்பையும் மறு கையில் அவர் தலையையும் பிடித்துக்கொண்டேன். புருஷன் கையில் என் கால், என் கை புருஷன் தலையில். ஆண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கு என்றான். அவர் அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, கடைசி அட்டையைத் தொடையிலிருந்து எடுத்தார். தழும்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்ததாம்.

"கழண்டுருச்சா புள்ள?"

"தெரியலங்க."

"கொஞ்சம் அசைச்சுப் பாரு."

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்," என்றார். "நீ கொழும்பு போன நாள்லேருந்து."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுவரை நான் மட்டும் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். என் பாதம் இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. மெல்ல விரலை அசைத்தேன், பிறகு முழங்காலை. சுரீரென்றது, ஆனால் அசைந்தது. கழன்றிருந்தால் அசையாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

மேலே என்று சொல்லியிருக்கலாம். "கீழ" என்றுதான் சொன்னேன். ஆபரேஷன் கால் முன்னால், ஆபரேஷன் கால் முன்னால் என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் தோளைப் பிடித்து இறங்கினேன். அன்று முழுக்கக் கட்டிலை விட்டு எழவில்லை.

மறுநாள் ஆடி கடைசி. விடியலில் பெரட்டுக் கொம்பு ஊதியது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன், எழ மனம் வரவில்லை. அவர் நாற்காலியை எடுத்து இஸ்தோப்பில் போட்டார். பாத்திரத்தில் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் போய் உட்கார்ந்தேன். கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்கும் எடுத்துக்கொண்டு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். என் முகம் சுட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தலை நிமிராமல் பாதத்திலிருந்து முழங்கால் வரை தேய்த்தார். ஆண்பிள்ளைக்கு அளவு தெரியுமா? ஒரு கட்டியில் பாதி கரைந்துவிட்டது.

பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் செத்துச் செத்துப் பிழைத்தேன். அவர் எனக்குப் பின்னால் ஒரு படி விட்டு வந்தார், நானாக நடக்க வேண்டுமே என்று கை கொடுக்கவில்லை. பெண்கள் வரிசையில் போய் நின்றதும் எல்லோர் கண்ணும் என் காலுக்குத்தான் போனது. காய்ந்த நுரை சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று அப்பியிருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"யாருடி தங்கச்சி இம்புட்டு சவுக்காரம் பூசுனது?"

அவளுக்குத் தெரியாதா என்ன? முழுத் தோட்டத்துக்கும் தெரியும். முன்பென்றால் மண்ணுக்குள் போயிருப்பேன்.

"எங்க வீட்டுக்காரருதான்," என்றேன். "நாளைக்கும் அவருதான் பூசுவாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கம் அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார், காது மடல் சிவந்திருந்தது. கண்டாக்கு ஐயா என் பேரைக் கூப்பிட்டார். என் காலையும் கம்பையும் பார்த்துவிட்டு, "புள்ளக் காம்பரா" என்றார்.

பிள்ளைக் காம்பரா அங்கிருந்து இன்னும் மேலே. படிகள் ஈரமாக இருந்தன, மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது. உள்ளே குண்டு இருக்கிறதா என்று ஒரு தடவை காது கொடுத்துப் பார்த்தேன். பயம் அப்படியே இருந்தது. நல்ல காலை முன்னால் வைத்தேன்.